கேள்வி எண் பதினாறு

சேலத்தில் விடைத்தாள் முகாம். வைகாசி வெக்கை.
பத்து மதிப்பெண் கேள்வி:
மேலை இலக்கியத்தில் அலையும் நாயகன்,
தொன்மை முதல் இன்றுவரை.

முப்பத்தோரு தாளிலும் ஒரே கப்பல் உடைந்தது.
ஒரே குதிரை ஒரே காட்டில் ஒரே கோட்டையைத் தேடியது.
கறுப்பு அங்கிக்காரன் பாறைமேல் நின்று
தன் துயரத்துக்குத் தானே அழகு பார்த்தான்.
கடைசி ஆள் நகரத்தை விட்டே போகவில்லை,
நாலு தெருவுக்குள் தொலைந்தான்.
நோட்ஸ் விற்ற கடைக்காரருக்கே
மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம்.

அடுத்த தாள். சாய்ந்தோடும் எழுத்து.
ஆங்கிலத்தில் தொடங்கி
மூன்றாம் வரியில் தமிழாகிவிட்டது:

"எங்கப்பா அத்தியப்பன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி.
தீவாளி முடிஞ்சா வடக்க போயிருவாருங்க.
அவங்கெல்லாம் கடல்ல அலைஞ்சாங்க.
இவரு தண்ணி இல்லாத ஊராப் பாத்து அலையறாரு.
எண்ணூறு அடி எறக்கியும் புழுதியே வந்தா
வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க.
மழை பேஞ்சா போர் போட ஆளில்ல,
அப்பத்தான் ஊட்டுக்கு வருவாரு.
டிவில வானிலை வந்தா
எங்கம்மா தங்காயி
மத்தியப் பிரதேசத்தத்தான் பாக்கும்.

போன ஆடில வந்தாரு.
நாய் ரெண்டு நாளு கொரைச்சுட்டே இருந்துச்சு.
நாலாம் நாளு போன் பேசிட்டே
கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போயிட்டாரு.
ஊடு பத்தல போல.

அலையறவன் நாயகன்னு நோட்ஸ்ல இருக்குதுங்க.
பைனான்ஸ்காரன் வந்து நிக்கறப்ப
வாசல்ல நின்னு பேசறவங்களுக்கு
என்ன பேருன்னு இல்ல.
பக்கம் முடிஞ்சு போச்சு."

விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லை.
"கேள்விக்குச் சம்பந்தமில்லையே, கோடு போடுங்க" என்றார்
தலைமைத் தேர்வாளர், வடையைப் பிட்டபடி.
கோடு போட்டேன்.
அப்புறம் அந்தக் கோட்டின் ஓரத்தில் எட்டு என்று எழுதினேன்.
அவர் கை கழுவப் போயிருந்தார்.

பெயர் கிழித்த தாள். ஒரு போலி எண் மட்டும்.
ஏழு இலக்கம், மனப்பாடமாகிவிட்டது,
எதற்கென்று தெரியவில்லை.

சாயங்காலம் சங்ககிரி இறக்கத்தில்
என் பேருந்தை உரசிக்கொண்டு ஒரு ரிக் வண்டி,
பின்னாலேயே கம்ப்ரசர் லாரி.
ராடுகளின் மேல் காய்ந்த செம்மண்.
எந்த ஊர் மண்ணோ.
ஊர் திரும்புகிற மாதமா இது?

போனை எடுத்தேன்.
ஜான்சியில் நாற்பத்தைந்து டிகிரி,
வானம் தெளிவு.