நாங்கள்

கடிதம் கைப்பேசிக்கு வந்தது, ஆங்கிலத்தில்,
கோப்பிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்
கோப்பி ஓ கொசோங் ரெண்டு, பொட்டலம் என்று
சொல்லிக்கொண்டிருந்தபோது.

மூன்று பத்திகள்.
முதலில் நன்றி.
அடுத்து, இவ்வாண்டு விண்ணப்பித்தவர்கள்
எல்லாருமே கெட்டிக்காரர்கள் என்றொரு பாராட்டு
(அந்த எல்லாரில் நானும் உண்டுபோல).
கடைசியில் வருத்தம்.
என் முறை வந்தபோது
என்ன வேண்டுமென்று மறந்துவிட்டது.

இதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.
அப்பா பேருந்து ஓட்டுகிறார்,
அந்த வளாகத்தைச் சுற்றித்தான், நாளைக்கு ஆறு நடை.
இறங்குகிற பிள்ளைகள்
தேங்க்யூ அங்கிள் என்பார்களாம்.
ஆகஸ்ட்டிலிருந்து ஒரு குரல் மட்டும்
தேங்க்யூ அப்பா என்னும் என்று
ரோஸ்லி அங்கிளிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

வருந்துகிறோம் என்பது சுலபம்.
யார் வருந்துவது?
ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘வீ’யோடு முடித்துக்கொண்டார்கள்.
தமிழ் விடாது.
நாம் என்றால் நானும் உள்ளே.
நாங்கள் என்றால் கதவுக்கு இந்தப் பக்கம் நான்.
தொடக்கநிலை நான்கில் இதை மாற்றி எழுதி
இரண்டு மதிப்பெண் போனது.
யாரைச் சேர்க்கிறாய், யோசி என்று
திருமதி செங்கமலம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

நேர்காணலில் எதற்குச் சட்டம் என்று கேட்டார்கள்.
வாக்கியங்கள் பிடிக்கும் என்றேன்.
சிரித்தார்கள்.
நல்ல சிரிப்பு என்று நினைத்தேன்.

அன்றைக்கு மெய் லிங்கின் அக்காவிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு
அறைக்கதவின் பின்னால் இன்னும் தொங்குகிறது.
பையில் வருகையாளர் ஒட்டுவில்லை,
என் பெயரில் ஓர் எழுத்துக் குறைவாய்.
சலவைக்குப் பன்னிரண்டு வெள்ளி.

கிளமெண்டி சந்திப்பு நிலையத்தில் அப்பா
பீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
இவ்வளவு இலக்கணமும் யோசித்துவிட்டு
வாயில் வந்தது
கிடைக்கலப்பா, அவ்வளவுதான்.

மிளகாயை ஓரமாக ஒதுக்கினார்.
மிளகாய் தீர்ந்த பிறகும்
ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
நமக்குக் கிடைக்கலையா, என்றார்.

ரெண்டு பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும்.
போகிற வழியில் ரோஸ்லி அங்கிளிடம்
மலாயில் ஏதோ சொன்னார்.
மலாயிலும் இரண்டு உண்டு: கித்தா, காமி.
எதைச் சொன்னாரோ, காதில் விழவில்லை,
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ரோஸ்லி அங்கிள் திரும்பி
என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.