புதன்கிழமைக் கட்டம்

திங்கள் அ. செவ்வாய் ஆ.
புதனன்று
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து வந்தவள்
காலணியோடு தூங்கிப்போனேன்.
பாலர்பள்ளி வேன் இரண்டு முறை
ஹாரன் அடித்துவிட்டுப் போனதாம்.

வியாழன் ஈ.
கையைச் சிறகாக்கி வீடெல்லாம் பறந்தான் யுகேந்திரன்.
வெள்ளி, போட்டி விளையாட்டுக்கு ஒத்திகை:
சாக்குக்குள் குதித்து முழங்காலில் சிராய்ப்பு,
அதைப் பதக்கம் போல் காட்டினான்.

சனிக்கிழமை தட்டைப் பார்த்துச் சொல்கிறான்:
"நான் இ படிக்கலையே அம்மா,
அதனால இது ட்லி."

சிரித்தேன். பிறகு
தவமலர் டீச்சர் கொடுத்தனுப்பிய வருகை அட்டையைப் பிரித்தேன்.
நான்கு நட்சத்திரம்,
நடுவில் ஒரு வெற்றுக் கட்டம்.
வெற்று இல்லை.
பென்சிலால் வரைந்திருக்கிறான்,
படுத்திருக்கும் ஒருத்தியை,
காலில் ஷூவோடு.