மூன்று மாடிக்கு அளந்த இடம்

ஒட்டுசுட்டானில் வெறும் பாறைமேல் வைத்தேன் கருவியை.
குமிழி நடுவில் நிற்குமட்டும் காலைத் திருகி,
வடக்குப் பார்த்துத் திருப்பி,
நாற்பது நிமிடம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.
பாறைக்குச் சொல்ல அதிகம் இல்லை.
அடிமட்டம் வைத்துக் கீறியதுபோலத்
திரையில் கிடந்தது கோடு.

பிறகு முல்லைத்தீவு பஸ்.
பக்கத்து இருக்கைக்காரியின் மடியில் எருமைத்தயிர்ச் சட்டி,
மூடிக் கட்டிய தாள் ஒரு பக்கம் கிழிந்திருந்தது.
தண்ணீரூற்றடியில் மாடு குறுக்கே வர
சாரதி பிறேக்கை மிதித்தான்.
சட்டி ஒருதரம் முன்னால் போய் வந்தது, அவ்வளவுதான்.
தயிர் விடவில்லை.
விளிம்பில் முட்டித் திரும்பி,
எதிர்விளிம்பிலிருந்து வந்த தன்னையே நடுவில் சந்தித்து,
அங்கே கொஞ்சம் உயர்ந்து,
மறுபடி விளிம்புக்கு.
மாடு போய்விட்டது. பஸ் அடுத்த தரிப்பில் நின்றும்விட்டது.
தயிருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நந்திக்கடலோரம் பள்ளிக்கூடம்.
மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கயிறு பிடித்து
நான்கு மூலையிலும் ஆப்பு அறைந்திருந்தார்கள்.
நடுவே கருவிக்கு ஒரு முழக் குழி.
பிள்ளைகளை மைதானத்தின் அந்தக் கரைக்கு அனுப்பினார் அதிபர்.
அரிசி ஆலைக்காரரிடம் நானே போய்க் கேட்டேன்.
"கரண்ட் போச்செண்டு நினைக்கிறன், பிள்ளை"
என்று சுவிச்சை இறக்கினார்.

சும்மா இருக்கிற நிலம் என்று ஒன்று கிடையாது.
கடல் கரையில் விழுகிற ஒவ்வொரு தரமும்,
பனை காற்றுக்குச் சாய்ந்து நிமிர்கிற ஒவ்வொரு தரமும்
மயிரிழையிலும் மெல்லியதாய் ஓர் அசைவு
காலடியால் போய்க்கொண்டிருக்கிறது.
பாறையில் ஓடிவந்த அசைவு
களிமண்ணில் ஏறியதும் நடை தளர்கிறது.
நடை தளர்ந்தால் உயரம் கூடும்:
கரைக்கு வந்த அலையை நின்று பார்த்த ஊருக்கு
இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கோடு இந்தமுறை மலையாய் எழுந்தது.
வினாடிக்கு மூன்று ஆட்டம், அந்த இடத்தில் உச்சி.
கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்த்தேன்.
"பாறை நாற்பதடியிலயோ?"
குழாய்க் கிணறு துளைக்கிற கமலரூபன்
எண்ணெய்க் கறை படிந்த அப்பியாசக் கொப்பியைப் புரட்டினான்.
"முப்பத்தெட்டு. மேல மணல், பிறகு முழுக்கக் களி,
கம்பி தன்ர பாரத்திலயே இறங்கும்.
என்னண்டு துளைக்காமல் சொன்னனீங்கள்?"

நிலம்தான் தன் ஆழத்தைச் சொன்னது என்றேன்.
கொஞ்சநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை.

"அந்த நேரம்," என்றான்,
"ஒட்டுசுட்டானில பெரியம்மா வீட்டில இருக்கேக்க
விழுகிறதைக் காதால கேட்டனாங்கள்.
இஞ்சால வந்தாப்பிறகு பல்லால கேட்டம்.
அதே தூரம். அதே சாமான்."

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

மூன்று மாடிக் கட்டடமும் தானாய் ஆடினால்
ஏறக்குறைய வினாடிக்கு மூன்றுதரம் ஆடும்.
ஊஞ்சல் திரும்பி வருகிற அதே கணத்தில்
முதுகில் கைவைக்கிறவன்போல
இந்தக் களிமண் அதற்காகவே காத்திருக்கிறது.

"எங்கட பக்கம் நிலநடுக்கம் எங்க வாறது?"
அதிபர் சிரித்தார், தேநீர் நீட்டினார்.
எப்போது என்று எனக்குத் தெரியாது, சேர்.
எங்கே கூட ஆடும் என்பது மட்டும் தெரியும்.
அவர் ஆப்புகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
கல்லில் பெயர்கூட வெட்டியாயிற்றாம், திறப்புவிழாவுக்கு.

பரிந்துரை என்ற கட்டத்துக்குள் எழுதினேன்:
தூண்கள் முப்பத்தெட்டு அடி இறங்கிப் பாறையில் ஊன்றவேண்டும்;
பணம் இல்லையேல் ஒரு மாடி.
கையொப்பம். திகதி.

ஆலை திரும்பவும் ஓடத் தொடங்கியது.
மேசையில் ஆறிப்போன தேநீரின் நடுவில்
ஒரு சின்ன வட்டம் எழுந்து கரைக்குப் போனது,
வந்தது.