ஒற்று மிகும் இடம்

பெயரில் ஒரு 'டி' கூடுதல்.
அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸ், ஏழாவது மாடி, வெள்ளி மாலை.
ஹஃபிஸுடின் மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு
இன்னுமா என்று நின்றிருந்தான்.
எனக்குத் தேவை ஒரு சின்னப் பொட்டலம்:
உலக மணியை நம் ஊர் மணியாக்கும் நாற்பது வரி.
யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தது.
விரல் இருமுறை தட்டியது.
அந்தத் தவறுக்கென்றே ஒருவன்
கடை திறந்து வைத்துக் காத்திருந்தான்.

பொட்டலம் வந்தது. வேலையும் செய்தது.
அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.
பதினேழு நாளும் ஒரு நொடி பிசகாமல்
மணி சொல்லிக்கொண்டிருந்தது.

பள்ளி வேன்களுக்கான செயலி எங்களுடையது.
எந்தப் பிள்ளை, எந்த வாசல், எத்தனை மணி.
ஜெலுத்தோங், குளுகோர், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகள்,
லிப்ட் பழுதென்றால் எந்தப் படிக்கட்டு என்பது வரை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

சியூ பெங்தான் கேட்டாள்,
ஞாயிறு போய்த் திங்கள் பிறந்த நேரத்தில்:
"நம்ம சர்வர் தினமும் மூன்றேகாலுக்கு
யார்கூட பேசுது?"

திறந்து பார்த்தோம்.
முப்பத்தொன்பதாம் வரிக்கு வலப்பக்கம் வெறுமை.
நகர்த்தினால் வெறுமை. இன்னும் நகர்த்த, இன்னும்.
அறுநூறு இடைவெளிக்கு அப்பால்
ஒரே வரியாகச் சுருண்டு படுத்திருந்தது.
எழுதியவன் நன்றாகவே எழுதியிருந்தான்.

ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்து.
ஒற்று என்றால் வேவும்தான்.
மிகும் இடம், மிகா இடம் என்று
ஆறாம் ஆண்டில் ஒப்பித்தபோது
இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்பா பெயர் வெள்ளையப்பன்.
பதிவிலாகாவில் யாரோ ஓர் 'எல்'லை விழுங்கிவிட,
ஐசியில் நான் வேலையப்பன் மகள்.
பாஸ்போர்ட் கவுண்டரில் இருமுறை விளக்கம் சொன்னதோடு சரி,
யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.
குறைந்த ஒற்றோடு முப்பத்துநான்கு வருடம் வாழ்ந்தவள்
மிகுந்த ஒற்றைக் காணாமல் விட்டேன்.

ஐந்து மணிக்கு ஓட்டுநர்களை அழைக்கத் தொடங்கினேன்.
முதலில் ஆயர் ஈத்தாம் சந்திராவதியக்கா.

"பிள்ளைங்கள யாராச்சும் தூக்கிட்டானுங்களா?"
"இல்லக்கா. பட்டியல் மட்டுந்தான்."
"பட்டியல்னா?"
சொன்னேன்.
வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை.
"அத வச்சு அவன் என்னா செய்வான்?"
"விப்பான்."
"யாருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே முதல் விமானம்
கடல் பக்கமாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.
அதன் விளக்குகளை எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

"சரி" என்றார் கடைசியில்.
"இன்னிக்குப் பத்து நிமிசம் முன்னாடி போறேன்."
வைத்துவிட்டார்.

இன்னும் பதினொரு பேர்.
நடுவில் கோப்பி ஓ ஆறிப்போனது.
ஹஃபிஸுடின் எல்லாச் சாவிகளையும் மாற்றினான்.
தாய்மார்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை
மூன்று மொழியில் எழுதி
மூன்றிலும் "வருந்துகிறோம்" என்பதில் தடுக்கி நின்றோம்.

அந்த ஒரு 'டி'யை நானே அழித்தேன்.
ஒரு விசை, ஒரு தட்டு.
மூன்றேகாலுக்குப் போன எதுவும்
அதற்குத் திரும்பி வரவில்லை.

ஆறே முக்காலுக்குப் பி புளோக் வாசலில்
வர வேண்டிய புள்ளி,
திரையில், ஆயர் ஈத்தாம் சாலை வளைவைத் தாண்டி,
ஆறு முப்பத்தைந்துக்கே வந்து நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.