ஐயாயிரம் கேலன்

இந்த ஊரின் ஜனத்தொகையை
என்னைக் கேட்டால் சொல்வேன்.
கேட்கமாட்டார்கள்.
என் வண்டியைக் கண்டதும்
கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்.

அஜ்மானில் கழிவுநீர் வண்டி ஓட்டுகிறேன்.
ஐயாயிரம் கேலன் கொள்ளும் தொட்டி,
பின்னால் துதிக்கைபோல் ஒரு குழாய்,
எனக்கு முன் ஓட்டிய பர்வேஸ் கான்
விட்டுப்போன இருக்கைப் பள்ளம்.

வந்த வருஷம்
நுஐமியாவில் பதினேழாம் வீட்டுக்கு
பத்து நாளைக்கு ஒருமுறை போனேன்.
பிறகு ஏழு.
பிறகு நாலு.
இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்
நாத்தூர் நசீமுல் போன் செய்கிறான்:
பாய், பொங்கிவிட்டது.

வீடு வளரவில்லை.
அதே மாடி, அதே சுண்ணாம்பு.
உள்ளே பிளைவுட் நட்டு
ஓர் அறையை நாலாக்கி
ஒரு கட்டிலை மூன்றடுக்காக்கி
பகல் ஷிப்டுக்கு ஒருவன் இரவு ஷிப்டுக்கு ஒருவன் என்று
ஒரு தலையணையை
இரண்டு தலைக்கு வாடகை விட்டிருந்தார்கள்.
தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.
மூடியைத் திறந்தால் தெரியும்.

சம்பளத்துக்கு முந்தைய வாரம்
மேலே மிதக்கும் எண்ணெய் குறைந்துவிடும்.
அதுவும் தெரியும்.

கடலோரம் கோபுரங்கள் முளைக்கின்றன.
எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்.
ஒரு விளக்கும் எரியாத கட்டிடத்துக்குக்
கூப்பிட்டார்கள் ஒருமுறை.
யாருமே குடிவரவில்லையே, இது யாருடையது என்றேன்.
கட்டுகிறவர்களுடையது என்றான் போர்மேன்
நிமிராமல்.

கடலைத்தான் குடிக்கிறோம்,
உப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு.
குடித்ததை நான் சுமந்து
பாலைவனத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்கிறேன்.
முன்பு எனக்கு முன்னால் பதினொரு வண்டி.
நேற்று எழுபதுவரை எண்ணிவிட்டு
விட்டுவிட்டேன்.
தொண்டிக்காரர் மரியசூசை
வரிசையிலேயே முகம் மழித்து
வரிசையிலேயே சமைத்து
வரிசையிலேயே மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்.
எங்களை நம்பி ஒரு டீக்கடை வந்தது.
டீக்கடைக்கு ஓர் உதவியாள்,
உதவியாளுக்கு ஒரு கட்டில்,
கட்டிலுக்கு ஒரு தொட்டி,
தொட்டிக்கு
இன்னொரு வண்டி.

போன செவ்வாய்
பலதியாவிலிருந்து ஓர் அதிகாரி.
சின்ன வயசு, வெள்ளைக் கந்தூரா, கையில் டேப்லெட்.
மூக்கைப் பொத்தவில்லை, அதைச் சொல்லவேண்டும்.
பதினேழாம் வீட்டு வாசலில் என்னை நிறுத்தி
உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்.
குத்தகைத் தாளில் ஒன்பது.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று
பதினாலு வருஷமாகத் தெரிந்தவன்.
வகுக்க விரல்கூட வேண்டாம்.
அறுபத்து மூன்று.
இல்லை, நாலு.
திங்களன்று ஒரு புது சூட்கேஸ் இறங்கியது,
சக்கரத்தில் இன்னும் பிளாஸ்டிக் உறை.

மாடி ஜன்னலில்
வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு ஒருவன்
துப்பாமல் நின்றான்.
நசீமுல் தன் செருப்பைப் பார்த்தான்.

தொட்டியில் விரிசல் சார்,
நிலத்தடித் தண்ணீர் உள்ளே ஊறுகிறது என்றேன்.
கடற்கரை ஊர்.
நம்பக்கூடிய பொய்தான்.
எழுதிக்கொண்டார்.
எழுதிக்கொண்டே,
நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்றார்.
வண்டியின் நம்பரைச் சொன்னேன்.
சிரித்தாரா என்று தெரியவில்லை.
பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு மூன்றாம் அடுக்கில்
கூரை மூச்சில் இடிக்கப் படுத்திருந்தேன்.
எங்கள் கட்டிடத்துக்கு வருவது
வேறு கம்பெனி வண்டி.
அந்த டிரைவரை நான் பார்த்ததில்லை.
அவன் கணக்கில் நான் இருப்பேன்,
பெயரில்லாமல்,
ஏறக்குறையச் சரியாக.

மூன்றரைக்கு அலாரம்.
என்னுடையது என்று ஐந்து கைகள்
இருட்டில் தேடின.
கீழே புதிதாய் வந்தவன்
துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
கடைசி ஆள் யார் என்று கேட்டான்.