கைமாற்று

யுங்காயில் மழை பெய்த வருடம் எனக்கு நினைவில்லை.
நான் வில்ஃப்ரெடோ கோல்கே, வண்டியோட்டி.
மண் அள்ளுகிறவள் யாஸ்னா,
அந்தோஃபகாஸ்தா ஆய்வுக்கூடத்துக்காரி.
இரண்டு விரற்கடை தோண்டி, குழாயில் போட்டு, மூடுகிறாள்.
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால்
இருக்கலாம் என்பாள்.
ஆறு வருடமாக அதே பதில்.

மத்தியானம் பெட்டியின் தகரம் என் விரலைக் கிழித்தது.
பெராக்சைடு ஊற்றினாள். காயம் பாலாய்ப் பொங்கியது.
மிச்சத்தை விளையாட்டாக மண்ணில் சொட்டினேன்.
மண்ணும் பொங்கியது, கொஞ்சம்.
தொப்பியைக் கழற்றிவிட்டேன்.
"போட்டுக்கொள்.
உயிரில்லாத தாதுவும் பொங்கும், அதை நம்பாதே."

பிறகு சக்கரத்து நிழலில் உட்கார்ந்து சொன்னாள்:
வெயில் அடித்தாலும் வறட்சி அடித்தாலும்
உள்ளே புகுந்து கடிப்பது ஆக்சிஜன்தான்,
வெறிபிடித்த ஆக்சிஜன்.
காவலுக்கு ஒரு புரதம்:
ஒரு துளி பெராக்சைடு பட்டதும்
தன் கந்தகக் கைகளைக் கோத்து
மரபணுக்களை உசுப்பிவிடும்.
இன்னொன்று, சின்னது, கடிபட்டவற்றிடம் போகும்.
தன் எலக்ட்ரான் இரண்டைக் கொடுத்து அவற்றை நிமிர்த்தும்.
கொடுத்த கணமே
அதன் கைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.
பூட்டைத் திறக்க வேறொன்று வரவேண்டும்.
அதற்கும் யாராவது கொடுக்கவேண்டும்.

கைமாற்று, என்றேன்.
என்ன?

கலாமாவில் சுரங்க வேலைநிறுத்தம், நாற்பத்தோராம் நாள்.
ஓரம் கிழிந்த ஒரு பத்தாயிரம் பேசோ நோட்டு,
நீலப் பேனாவில் யாரோ மீசை வரைந்தது.
நான் எதிர்வீட்டு நெல்டாவுக்குக் கொடுத்தேன், மருந்துக்கு.
அவள் மச்சானுக்கு.
அவன் ரொட்டிக்கடை மாமானிக்கு.
மாமானியின் மகன் யாருக்கோ.
மூன்றாம் வாரம் அதே மீசை
என் வாசலில் வந்து நின்றது.
தெருவில் யாரும் பணக்காரனாகவில்லை.
யார் வீட்டு அடுப்பும் முழுதாக அணையவில்லை.

யாஸ்னா குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள்,
பிறகு அடித்தாள்.
"முதல் நோட்டு யாருடையது?"
என்னுடையது. கடைசிச் சம்பளம்.
"இங்கேயும் அப்படித்தான். முதலில் உணவு வேண்டும்.
அது இல்லாமல் கை மாற எதுவும் இல்லை."
இந்த மண்ணில் உணவு ஏது?
அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"தெரிந்தால் நான் ஏன் இந்த வெயிலில்?"

இரவு வண்டிக்குள் படுத்தோம்.
விடியலில் கமன்சாக்கா மூடுபனி கண்ணாடியில் ஒட்டி
ஒரு கோடாக இறங்கியது.
இறங்கிப் போய்
நேற்றுத் தோண்டிய குழிகளை மூடினேன்,
காலால் அல்ல,
காயம்படாத கையால்.