ஈரக் கைக்கு ஒரு பிடி

மாரெட் பிடிகொடுத்துப் பேசுகிறவள் அல்ல.
பனிவண்டியை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள்,
வலக்கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்,
கையை என் பட்டறை மேசைமேல் வைத்தாள்,
எடை போடச் சொல்லி மீனை வைப்பதுபோல.
சுண்டுவிரல் இல்லை. மோதிர விரல் இல்லை.
"இதற்கு ஒரு கத்தி வேண்டும்."

பழைய கத்தியும் நான் செய்ததுதான்.
சுருள்சுருளாய் ரேகை ஓடும் பிர்ச் மரத்தில் பிடி,
துருவமான் கொம்பில் ஒரு வளையம்,
ஏழு நாள் எண்ணெய், எட்டாம் நாள் மெழுகு.
முகம் பார்க்கலாம் அதில்.
ரொவானியெமி கண்காட்சியில் நீல ரிப்பன் கொடுத்தார்கள்.
மாரெட் வாங்கும்போது
அழகு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை,
இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

நவம்பரில் இனாரி ஏரி முழுதாய் மூடியிருக்கவில்லை.
தப்பிய கன்றின் தடம் பார்த்துப் போனவள்
இடுப்புவரை இறங்கினாள்,
அப்புறம் கழுத்துவரை.
கத்தியை உருவிப் பனித்தகட்டில் குத்தி
தன்னையே ஒரு மூட்டையாய் இழுத்தாள்.
கூர் பிடித்தது. பிடி பிடிக்கவில்லை.
ஈரக் கை மெழுகில் வழுக்கி இரும்புக்கு இறங்கியது.
மறுபடி குத்தினாள்,
இந்த முறை அலகையே பற்றிக்கொண்டு.
கரையேறியபோது பத்து விரலும் இருந்தனவாம்.
மருத்துவமனையில்தான் எட்டு.

இதெல்லாம் பெட்ரோல் கடையில் கேட்டது.
அவள் சொன்னது: "அலகு நல்ல அலகு."
மீதி வாக்கியம் என்னுடையது.

களிமண் உருண்டையை நீட்டினேன். இறுக்கினாள்.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
அதற்குக் கீழே
உள்ளங்கை விளிம்பு மட்டும் அழுத்திய ஒரு சரிவு.

பனி தள்ளும் லாரியின் உடைந்த வில்பட்டையை
காந்தம் ஒட்ட மறுக்கும்வரை காய்ச்சி
எண்ணெயில் இறக்கினேன்.
டிங்.
தேக்கரண்டி விழுந்த அளவுதான் ஓசை.
மயிரிழை விரிசல்; யாருக்கும் தெரியாது,
கழுத்தளவு நீரில் நிற்கிற ஒருத்தியைத் தவிர.
குறட்டில் வைத்து ஒடித்துப் போட்டேன்.

இரண்டாவது அலகு சத்தம் போடவில்லை.
ரொட்டி சுடும் அடுப்பில்
இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை.
எஸ்கோ ஜன்னலைத் திறந்துவிட்டு
இனி ஒரு வாரம் ரொட்டியில் லாரி வாசம் என்றார்.
வைக்கோல் நிறம் ஏறியது. பதம்.

பிடிக்கு மரம் வேண்டாம், மரப்பட்டை.
தீப்பெட்டி அகலத்தில் நூற்றுப் பதினெட்டுத் துண்டுகள்.
வாலில் ஒவ்வொன்றாய்க் கோத்து, நெருக்கி,
கடைசியில் இரும்பின் நுனியைத் தட்டி மடித்தேன்.
விரல்கள் இல்லாத இடத்தில்
பட்டையைக் கொஞ்சம் புடைக்க விட்டேன்,
சரிவை அது நிரப்பட்டும்.
அரம் போட்ட கீறல்களைத் தேய்க்க
மெழுகுத் துணி தானாகக் கைக்கு வந்தது.
துணியை அடுப்பில் போட்டேன்.

இரண்டு விரலை மடக்கி ரப்பர் வளையம் மாட்டினேன்.
வாசல் வாளியின் மேல்தகட்டை உடைத்துக் கை வைத்தேன்,
ஐந்நூறு எண்ணுவதாகத் திட்டம்.
முன்னூற்றுப் பத்தில் எடுத்துவிட்டேன்.
எஸ்கோவிடம் ஐந்நூறு என்றேன்.

மார்ச்சில் வந்தாள். வெளிச்சம் திரும்பியிருந்தது.
அதே வாளி. நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையை முக்கி, எதையோ கேட்பவள்போல நின்றாள்,
நான் எண்ணுவதை மறக்கும்வரை நின்றாள்.
சொட்டச் சொட்டக் கத்தியை எடுத்து
விறகு பிளக்கும் கட்டையில் குத்தி
தரையில் குப்புறப் படுத்து இழுத்தாள்.
கை நகரவில்லை.
கட்டைதான் நகர்ந்து அவளிடம் வந்தது.

"ம்."

பணத்தை எண்ணி வைத்தாள்.
கதவருகே திரும்பி,
"பழையது சமையலறையில் இருக்கிறது.
வெண்ணெய் தடவ நல்ல கத்தி."

பனிவண்டிச் சத்தம் ஏரிப்பக்கம் தேய்ந்தபின்
காய்ந்த களிமண்ணை எடுத்து
என் கையில் பொருத்திப் பார்த்தேன்.
எனக்கு
இரண்டு விரல் அதிகமாக இருந்தது.